பழைய மாட்டுக் கொட்டகைச் சுவருக்கு நாமே பூச்சு பூசுவது எப்படி

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில். வீட்டுக் கொல்லையில் தாத்தா கட்டிய மாட்டுக் கொட்டகை ஒன்று இருக்கிறது, பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஓட்டுக் கூரை, எட்டடி உயரச் செங்கல் சுவர். மாடுகளை விற்று இருபது வருடம் ஆகிவிட்டது. அதை ஒரு வேலை அறையாக மாற்ற நானும் தம்பியும் இறங்கினோம், பூச்சு வேலையையும் நாங்களே செய்தோம். எங்களைப் போலப் புதிதாகக் கரண்டி பிடிப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அதற்கு நாலு வருடம் முன்னால் அதே கொட்டகைக்கு ஒரு கொத்தனாரை வைத்து சிமென்ட் பூச்சு பூசியிருந்தோம். ஒன்றுக்கு நாலு கலவை (ஒரு பங்கு சிமென்ட், நாலு பங்கு மணல்), நல்ல கனம், பார்க்கப் பாறை மாதிரி இருந்தது. இரண்டு ஐப்பசி மழை தாண்டியதும் கீழ்ப்பக்கம் உப்பி, தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் கேட்டது. மூன்றாவது வருடம் பலகை பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. விழுந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். அதன் முதுகில் செங்கலின் சிவப்புத் தோல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. சுவரிலோ அந்தச் செங்கற்கள் முகம் போய், விரலால் தேய்த்தாலே பொடியாக உதிர்ந்தன.

காரணம் எளிது. பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயில் காலத்தில் அதை வெளியே விடும். சுண்ணாம்போ மண்ணோ வைத்துக் கட்டிய சுவர் இப்படித்தான் பிழைத்திருக்கிறது. அதன் மேல் கெட்டியான சிமென்ட்டை அப்பினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் தங்கும், அங்கேயே உப்பு கட்டியாகும், அந்த உப்பு வளர வளரப் பூச்சையும் தள்ளும், செங்கலையும் உடைக்கும். பூச்சு எப்போதும் சுவரை விட மென்மையாக இருக்க வேண்டும். கெட்டுப்போனால் பூச்சு கெடட்டும், அதை மாற்றிக்கொள்ளலாம். தாத்தா காலத்துச் செங்கலை எங்கே போய் மாற்றுவது?

அதனால் எதை வாங்குவதற்கும் முன்னால் உங்கள் சுவர் எதில் கட்டியது என்று பாருங்கள். பூச்சு போன இடத்தில் இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள சாந்தைச் சாவியால் சுரண்டுங்கள். சாவி வழுக்கி, சாம்பல் நிறத்தில் கோடு மட்டும் விழுந்தால் அது சிமென்ட். வெள்ளையாகவோ பழுப்பாகவோ பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பு அல்லது மண். அந்தக் கட்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வையுங்கள், சில நிமிடத்தில் கரைந்து சேறானால் மண், அப்படியே கிடந்தால் சுண்ணாம்பு. சுவர் சிமென்ட்டில் கட்டியதாக இருந்து, ஓதமும் இல்லையென்றால் உங்கள் வேலை சுலபம்: ஒன்றுக்கு ஆறு உள்பக்கம், ஒன்றுக்கு ஐந்து வெளிப்பக்கம், பூச்சுக்கென்று விற்கும் பி-சாண்ட் (கல்லை அரைத்துச் செய்யும் நைஸ் மணல்), 12 முதல் 15 மில்லிமீட்டர் கனம், பூசிய பிறகு ஏழு நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். கீழே சொல்லும் சுவர் தயாரிப்பும் பூசும் முறையும் உங்களுக்கும் பொருந்தும், சுண்ணாம்புப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.

கொட்டகையைக் காலி செய்யும்போது கையுறையும் செருப்பல்லாத மூடிய காலணியும் போடுங்கள். இருபது வருடம் யாரும் தொடாத மூலையில் தேளும் நட்டுவாக்காலியும் இருக்கும், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே பாம்பு சட்டை உரித்திருக்கும். விறகையும் சாக்கையும் நீண்ட கம்பால் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பூச்சு வேலையில் பாதி இதுதான், ஆனால் யாரும் இதைப் பூச்சு வேலையாகவே நினைப்பதில்லை. எங்கள் கொட்டகையில் மூன்று இடம்: இரண்டு ஓடு உடைந்து சுவர் தலையில் நேராக மழை இறங்கியது, வெளியே மண் ஏறி ஏறி உள் தரையை விட அரையடி உயர்ந்திருந்தது, வாழைக்கு விடும் தண்ணீர் மேற்குச் சுவரை ஒட்டியே ஓடியது. ஓட்டை மாற்றினோம், நாலு பக்கமும் மண்ணை வெட்டி உள் தரைக்கு அரையடி கீழே கொண்டுபோனோம், வாழைக்கு வேறு வழியில் வாய்க்கால் போட்டோம். இதைச் செய்யாமல் எந்தக் கலவையைப் பூசினாலும் நிற்காது.

விரிசல் இருந்தால் அது இன்னும் நகர்கிறதா என்று தெரிய வேண்டும். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலின் குறுக்கே இரண்டு பக்கமும் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். சில மாதம் கழித்தும் கண்ணாடி உடையாமல் இருந்தால் பழைய விரிசல், அடைத்துப் பூசலாம். உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, அஸ்திவாரத்தில் பிரச்சினை இருக்கலாம், விவரம் தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் மேலே போகாதீர்கள்.

பழைய பூச்சைப் பெயர்ப்பது சித்திரை வெயிலில் செய்ய வேண்டிய வேலை. சுவரை முழுக்கச் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டிச் சத்தம் வருகிற சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அதை விட்டுவிடலாம், அது இன்னும் பல வருடம் நிற்கும். வெற்றுச் சத்தம் வருகிற இடத்தையும் சிமென்ட் பூசிய இடத்தையும் எடுத்துவிடுங்கள். உளியைச் செங்கலுக்கு நேராகக் குத்தாமல் சாய்வாகப் பிடித்து, பூச்சின் ஓரத்திலிருந்து நெம்பி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கல்லோடு வரும். நாங்கள் ஒரு சுவருக்கு இரண்டு நாள் எடுத்தோம். மின்சார உளி வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் அந்த அதிர்வுக்குப் பழைய மண் சாந்து தாங்காது. பெயர்த்த பிறகு கல் இடுக்குகளில் அரை அங்குல ஆழத்துக்குச் சாந்தைச் சுரண்டி எடுங்கள், புதுப் பூச்சுக்குப் பிடிமானம் அதுதான்.

மாட்டுக் கொட்டகைக்கே உரிய சிக்கல் இனிமேல்தான் வருகிறது. வருடக்கணக்காக மாட்டு மூத்திரம் ஊறிய சுவர் அது. தரையிலிருந்து மூன்றடி உயரம் வரைக்கும் செங்கலுக்குள் உப்பு ஏறியிருக்கும். பூச்சை எடுத்த பத்தாவது நாள் காலையில் போய்ப் பார்த்தால் கீழ்ச்சுவர் முழுக்கப் பஞ்சு மாதிரி வெள்ளை ரோமம் முளைத்திருந்தது, கையால் தொட்டால் குளிர்ச்சியாக ஒட்டிக்கொண்டு வந்தது. இந்த மாதிரி இடத்து மண்ணிலிருந்துதான் ஒரு காலத்தில் வெடியுப்பு காய்ச்சினார்கள், அவ்வளவு உப்பு. இதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். எல்லாருக்கும் முதலில் கை போவது தண்ணீருக்குத்தான், ஆனால் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி செங்கலுக்குள்ளேயே போய்விடும். காய்ந்த துடைப்பத்தால் கீழே விரித்த சாக்கின் மேல் தட்டி, வாரி, கொட்டகைக்குத் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி முளைக்கும், மறுபடி தட்டுங்கள். நாங்கள் ஐந்து முறை தட்டினோம்.

அதற்கு மேலும் உள்ளே இருக்கும் உப்பை இழுக்க ஒரு வழி உண்டு. மூன்றடி உயரத்துக்கு மட்டும் ஒரு பலிப்பூச்சு பூச வேண்டும், சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் நாலு அல்லது ஐந்து என்று வலுவில்லாத கலவை, விரல் கனத்துக்கு. அழகு வேண்டாம், சுவரோடு ஒட்டியிருந்தால் போதும். சுவர் காயும்போது ஈரம் இந்தப் பூச்சுக்குள் வந்து ஆவியாகும், உப்பு இதிலேயே தங்கிவிடும். வைகாசியில் பூசி மழைக்காலம் முழுக்க விட்டுவைத்தோம். தை மாதம் பார்க்கும்போது அது பொரிந்து, சொறி பிடித்த மாதிரி ஆகியிருந்தது. அப்படி ஆனால்தான் அது வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். மொத்தமாகச் சுரண்டி எடுத்துத் தூரக் கொட்டினோம். இந்த மண்ணை அடுத்த கலவையில் சேர்க்கவே கூடாது.

அந்த இடைவெளி வீணாகவில்லை. அதே மாதங்களில்தான் சுண்ணாம்பும் ஊறியது.

சுண்ணாம்பு கணக்கு இப்படி. சுற்றளவு 44 அடி, உயரம் 8 அடி, 352 சதுர அடி. கதவு, ஜன்னல் போக உள்பக்கம் 320 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பூச்சும் சேர்த்து 20 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய 21 கன அடி கலவை வேண்டும். ஒன்றுக்கு மூன்று கலவையில் சுண்ணாம்புக் கூழ் மணலின் இடுக்குகளுக்குள் போய் அடங்கிவிடும், அதனால் மணலும் செங்கல் தூளுமாக 21 கன அடி, சுண்ணாம்புக் கூழ் 7 கன அடி. அவ்வளவு கூழுக்கு 100 முதல் 120 கிலோ சுட்ட சுண்ணாம்புக் கல் பிடிக்கும். குழி விழுந்த சுவராக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட வாங்கிக்கொள்ளுங்கள். வெளிப்பக்கத்துக்குத் தனிக் கணக்கு.

கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் கடைசிப் பூச்சுக்கு அது அருமை, வெள்ளையாகவும் நைசாகவும் இருக்கும். அடிப்பூச்சுக்குக் கல் சுண்ணாம்பே போதும். சூளையிலிருந்து வந்த கல் புதிதாக இருக்க வேண்டும், கையில் எடுத்தால் கனமில்லாமல் கட்டியாக இருக்கும். பொடியாகிப் போயிருந்தால் அது ஏற்கெனவே காற்றில் செத்துவிட்டது, வாங்காதீர்கள்.

நீற்றுவதுதான், அதாவது சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டுக் கூழாக்குவதுதான், இந்த வேலையிலேயே ஆபத்தான கட்டம். இரும்பு டிரம்மில் பாதிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு, அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, வெடித்துச் சிதறும். பிளாஸ்டிக் டிரம் சூட்டில் இளகிவிடும், வேண்டாம். கல் விழுந்ததும் ஒரு நிமிடம் சும்மா இருக்கும், அப்புறம் சீறத் தொடங்கி, தண்ணீர் சோற்றுப் பானை மாதிரி கொதிக்கும். கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி, முழங்கை வரை கையுறை, முழுக்கைச் சட்டை, இவை இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள், குழந்தைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் தெறித்தால் உடனே சுத்தத் தண்ணீரால் இருபது நிமிடமாவது விடாமல் கழுவிக்கொண்டு, நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். அதற்காக ஒரு குடம் நல்ல தண்ணீரைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

நீண்ட கழியால் கிளறி, ஆறியதும் கொசுவலை கட்டிய சல்லடையில் வடித்து, வேகாத கல்லை எறிந்துவிட்டு, கூழின் மேல் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி மூடி வையுங்கள். குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் மூன்று மாதம். நன்றாக ஊறிய கூழ் வெண்ணெய் மாதிரி இருக்கும், கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் வழுக்கிக்கொண்டு விழும். சரியாக நீறாத துணுக்கு ஒன்று உள்ளே இருந்தாலும் பூசிய பல மாதம் கழித்து அது உப்பி, சுவரில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும், அதற்குத்தான் இந்தக் காத்திருப்பு. சூளைச் சுண்ணாம்பு கிடைக்காத ஊரில் மூட்டையில் வரும் நீறிய சுண்ணாம்புத் தூளை வாங்கி, ஒரு நாளாவது தண்ணீரில் ஊறவைத்துப் பயன்படுத்தலாம்.

மணலைச் சோதிப்பது ஒரு கண்ணாடி பாட்டில் வேலை. பாதிக்கு மணல், முக்காலுக்குத் தண்ணீர், நன்றாகக் குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். மேலே படியும் வண்டல், மணல் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் அந்த மணலை அலசித்தான் பயன்படுத்த வேண்டும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், இருக்கும் உப்போடு போராடுவதே போதும். செங்கல் தூளுக்கு உடைந்த பழைய நாட்டுச் செங்கலையே இடித்துச் சலித்துக்கொண்டோம், உப்பு ஏறாத மேல்சுவர்க் கல்லாகப் பார்த்து. நன்றாக வெந்த செங்கலின் தூள் சுண்ணாம்போடு சேர்ந்து, ஈரமான இடத்திலும் இறுக வைக்கும். சுண்ணாம்பு மட்டும் என்றால் காற்றை உறிஞ்சித்தான் இறுகும், அதற்கு நாளாகும்.

கடுக்காயும் கருப்பட்டியும் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ கடுக்காயை விதையோடு தட்டிப் போட்டு, அரைக் கிலோ கருப்பட்டியையும் உடைத்துப் போட்டு, ஒரு வாரம் மூடி வைத்தோம். நுரைத்து, புளித்த வாடை வந்ததும் வடிகட்டி, கலவைக்கு விடும் தண்ணீரோடு சேர்த்துக்கொண்டோம். கலவை வழவழப்பாகி, கரண்டிக்குச் சொன்னபடி கேட்டது, பூசிய பிறகு தேய்க்கவும் அவகாசம் கிடைத்தது. செட்டிநாட்டுப் பக்கம் கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ப்பார்கள். கொட்டகைக்கு அது தேவையில்லை. கடுக்காய்த் தண்ணீர் இல்லாமலும் நல்ல பூச்சு வரும், நீறாத சுண்ணாம்பை வைத்துக்கொண்டு கடுக்காய் மட்டும் போட்டால் வராது.

சரி, பூசும் நாள். மாசி மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம், மழையும் இல்லை, கொளுத்தும் வெயிலும் இல்லை. தேவையான சாமான்: கொத்துக் கரண்டி, பூச்சைத் தேய்க்கும் மணியாசுக் கட்டை, ஐந்தடி நீள மட்டப்பலகை, தூக்குக்குண்டு, ரசமட்டம், இரண்டு சட்டி, தண்ணீர் தெளிக்கத் தென்னமட்டை நார்த் தூரிகை. மேலே ஏற ஆடாத இரும்பு முக்காலியும் தடித்த பலகையும் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் டின் மேல் பலகை வைத்து ஏறுவது கை காலை உடைத்துக்கொள்ளும் வேலை.

முந்தின நாள் சாயங்காலம் சுவரை நன்றாக நனையுங்கள், பூசுவதற்கு அரைமணி முன்னால் இன்னொரு முறை. சுவர் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் மேலே தண்ணீர் மினுமினுக்கக் கூடாது. காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை ஒரே இழுப்பில் குடித்துவிடும், அப்புறம் அந்தப் பூச்சு பிடிக்காது. ஆழக் குழிகளைச் செங்கல் சில்லும் கலவையும் வைத்து முந்தின நாளே அடைத்துவிடுங்கள். கான்கிரீட்டும் செங்கலும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்துக்கொள்ளுங்கள்.

அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு கூழ், இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு செங்கல் தூள். மண்வெட்டியால் அடித்து அடித்து இருபது நிமிடமாவது கலக்குங்கள். தண்ணீர் கம்மியாகத் தெரியும், உடனே ஊற்றாதீர்கள், அடிக்க அடிக்கக் கூழிலிருந்தே இளகி வரும். கரண்டியில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்தால் மூன்று விநாடி ஒட்டிக்கொண்டு நின்றால் பதம்.

அடுத்து பொட்டு, அதாவது பூச்சின் கனத்துக்கு அளவு காட்டும் அடையாளம். சுவரின் மேல் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொட்டு கலவை வைத்து, அதில் ஓட்டுச் சில்லு பதித்து, தூக்குக்குண்டு பிடித்து நேர் கீழே இன்னொன்று வையுங்கள். ஐந்தடிக்கு ஒரு ஜோடி. பழைய சுவர் எங்குமே நேராக இருக்காது, அதனால் முழுக்க நேராக்க நினைக்காதீர்கள், ஒரே இடத்தில் இரண்டு அங்குலக் கனம் வந்து வழிந்துவிடும். கண்ணுக்கு உறுத்தாத அளவுக்கு வந்தால் போதும்.

பூசும்போது கலவையைத் தடவாதீர்கள், வீசுங்கள். எங்கள் தெருவில் இருக்கும் வயதான கொத்தனார் ஒருவர் வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து, “தம்பி, தோசைக்கு எண்ணெய் தடவுற மாதிரி தடவாதே, சுவத்துல வரட்டி அடிக்கிற மாதிரி எறி” என்று என் கையைப் பிடித்துக் காட்டிவிட்டுப் போனார். மணிக்கட்டைச் சுண்டி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று எறிந்தால் கலவை இடுக்குகளுக்குள் காற்றில்லாமல் அடைந்துகொள்ளும். முதல் அரைமணி பாதி கீழேதான் விழும், சாக்கு விரித்திருந்தால் அள்ளி மறுபடி போடலாம். அன்று மதியத்துக்குள் கை பழகிவிடும். மேலிருந்து கீழாக வாருங்கள், பத்து மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் ஒரே தடவையில் போடாதீர்கள். இரண்டு பொட்டுக்கு நடுவே நிரம்பியதும் மட்டப்பலகையைக் கீழிருந்து மேலாக, அறுப்பது போல ஆட்டிக்கொண்டே இழுங்கள், கூடினது வழிந்து வரும், குறைந்தது தெரியும்.

கீழே தரையைத் தொடாமல் இரண்டு விரற்கடை விட்டு நிறுத்துங்கள். பூச்சு தரையைத் தொட்டால் விளக்குத்திரி எண்ணெய் இழுப்பது போல ஈரத்தை இழுக்கும். பின்னால் அந்த இடைவெளியை மறைக்க ஆசைப்பட்டு சிமென்ட் வைத்து அடைத்துவிடாதீர்கள்.

கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகப் பள்ளம் விழுந்து, கலவை விரலில் ஒட்டாத பதத்தில் கரண்டி நுனியால் குறுக்கும் நெடுக்கும் கீறல் போட்டுவிடுங்கள். பிறகு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இரண்டாம் பூச்சு, ஒரு பங்கு கூழுக்கு இரண்டு பங்கு நைஸ் மணலும் ஒரு பங்கு சலித்த செங்கல் தூளும், அடிப்பூச்சை நனைத்துவிட்டுப் பூச வேண்டும். இதையும் பத்து மில்லிமீட்டருக்குள் வையுங்கள். மயிரிழை விரிசல் விட்டால் பயப்பட வேண்டாம், இளக்கமாக இருக்கும்போதே தண்ணீர் தெளித்து மணியாசுக் கட்டையை வட்டமாகச் சுழற்றித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். மறுநாளும் போய் ஒரு முறை தேய்க்கலாம், சுண்ணாம்பு அவ்வளவு நேரம் கொடுக்கிறது.

இன்னும் மூன்று வாரமாவது விட்டுவைத்து, பெயின்ட் எதுவும் அடிக்காமல் சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள், பால் பதத்தில் மெல்லியதாக மூன்று கை. பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் இத்தனை நாள் சுவருக்குத் திறந்துவிட்ட வழி மறுபடி அடைபடும். முதல் ஐப்பசி மழைக்குப் பிறகு கீழ் மூன்றடியைத் தட்டிப் பாருங்கள். எங்களுக்கு மேற்கு மூலையில் இரண்டு கை அகலத்துக்கு மட்டும் உப்பு வந்து பொரிந்தது, அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, டிரம்மின் அடியில் மிச்சம் வைத்திருந்த கூழை எடுத்துப் பூசினோம். அதனால் கூழ் முழுவதையும் தீர்த்துவிடாமல் ஒரு வாளியளவு தண்ணீர் நிற்க மூடி வைத்துக்கொள்ளுங்கள், காற்றுப் படாமல் இருந்தால் வருடக்கணக்கில் கெடாது.